ஆனதும் பண்ணினதும்

"அண்ணிக்கு அபார்ஷன் ஆயிடுச்சாமே, பாவம்"னு இப்ப போன்ல உங்க அம்மாகிட்ட சொன்னியே மக்ளே, அது என் காதுல விழுந்திருச்சு. ஒட்டுக் கேக்கல. பின்சீட்டுல இருந்தேன், தமிழ்ச் சத்தம் கேட்டதும் காது தானா அங்க போயிருச்சு. ஏழு வருசமா இந்த பஸ்ல போறேன், தமிழ் கேட்டது இன்னைக்குத்தான். பக்கத்துல உக்காரலாமா? பையை எடுக்க வேண்டாம், நான் மடியில வச்சுக்கிடுவேன்.

அண்ணிக்கு எத்தனை மாசம்? ரெண்டரையா. உடம்பு தேறிடும். மனசைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

நான் எழும்பி வந்ததே ஒரு விசயம் சொல்லத்தான். அந்த வார்த்தையை இந்த நாட்டுல வச்சு சொல்லாத மக்ளே. நீ தமிழ்லதான் பேசின, சரி. ஆனா நடுவுல அந்த ஒரு வார்த்தை இங்கிலீஷ்லதான கிடக்கு? முன்னால இருக்குற அந்தத் தொப்பிக்காரம்மா திரும்பி உன்னைப் பாத்தா. நீ கவனிக்கல, நான் கவனிச்சேன். இங்க தானா கலைஞ்சா அதுக்குப் பேரு மிஸ்கேரேஜ். அதை மனப்பாடம் பண்ணி வச்சுக்க. ஊர்ல யாரு அப்படிச் சொல்லுவா? கேரேஜுன்னா எனக்கு வண்டி நிறுத்துற இடம்தான் ஞாபகம் வரும்.

என் பேரு டெல்பின். குளச்சல் பக்கம். இங்க நானும் வீட்டுக்காரரும் ஒரு முதியோர் இல்லத்துல சமையல்கட்டு வேலை. நாங்க இங்க இருக்குற ஊர்ப்பேரு வேண்டாம், சின்ன ஊர். ஒரு கோயில், ரெண்டு கடை, குடிக்கிறதுக்கு மட்டும் ஆறு கடை. எனக்கு ஒரே தம்பி, சஜின். நர்ஸ் வேலை. அவன் பெண்டாட்டி பெனிஷா, அவளும் நர்சிங் முடிச்சவதான், இங்க பதிவு கிடைக்கக் காத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு பேரையும் இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்தது நான். அடுத்த தெருவுல வீடு பாத்துக் குடுத்தது நான். கோயில் பாட்டுக்குழுவுல அவளைச் சேத்துவிட்டதும் நான்தான். கிறிஸ்மசுக்கு முந்தி ரெண்டு பேரும் கார்க் பட்டணத்துக்கு வீடு மாத்திப் போயிட்டாங்க. பெனிஷா எங்கிட்டப் பேசி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

நான் அப்படி என்ன பண்ணிட்டேன்? நீ படிச்ச பிள்ளை. இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு இறங்க. கேட்டுட்டு நீயே நியாயத்தைச் சொல்லு.

போன மார்ச்சுல பெரிய பனி பெஞ்சுதே, நீ அப்ப வந்திருக்க மாட்ட. பனி உருகி நாலஞ்சு நாள் இருக்கும். பெனிஷாவுக்கு நாலு மாசம் முடிஞ்சு அஞ்சு. கல்யாணமாகி நாலு வருசம் கழிச்சு நின்ன கரு. காலைல வயித்து வலின்னா, சாயங்காலம் ஆஸ்பத்திரில எல்லாம் முடிஞ்சு போச்சு. பொண்ணுன்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில வச்சு, சாமியார் செபம் சொல்லி, அவங்க இடத்துலயே அடக்கம் பண்ணினாங்க. சஜினும் அவளும் மட்டும் நின்னாங்க. எனக்கு அன்னைக்கு வேலை. ஆனா அதுக்குப் பொறவு பதினஞ்சு நாள் உளுந்தங்களி கிண்டிக் கொண்டுபோனது யாரு? நல்லெண்ணெய் தேடி டப்ளின் வரைக்கும் போனது யாரு? அதையெல்லாம் யாரும் பேச மாட்டாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பிரீடா வந்து கேட்டா, "எங்க நம்ம பாட்டுக்காரி?"ன்னு. பிரீடா யாருன்னு சொல்லணும்ல. எங்க கோயில்ல சாமியாரைவிட பிரீடாதான் பெருசுன்னு வச்சுக்க. பூ வைக்கிறது, பாட்டு, கூட்டம், பூசைக்குப் பொறவு டீ, எல்லாம் அவ கை. எழுபது வயசு. பெனிஷா குரல்ல அவளுக்கு உசுரு. பூசையில பைபிள் சங்கீதம் பாட அவளைத்தான் நிறுத்துவா.

நான் சொன்னேன். ஊர்ல எப்படிச் சொல்லுவமோ அப்படியே சொன்னேன். "ஷீ ஹேட் அபார்ஷன். செவ்வாய்க்கிழமை."

இதுல என்ன தப்பு? எனக்கும் ரெண்டு தடவை அபார்ஷன் ஆச்சு மக்ளே. குளச்சல்ல டாக்டரம்மா சீட்டுல அப்படித்தான் எழுதினா. என் மாமியார் தெரு முழுக்க அப்படித்தான் சொன்னா. மீன் கொண்டுவாறவகூட "என்னா, உனக்கு அபார்ஷன் ஆயிட்டாமே"ன்னுதான் கேட்டா. ஆச்சுன்னா தானா ஆனது. பண்ணினான்னா பண்ணினது. வார்த்தை ஒண்ணு, வால்தான் வேற. தமிழ்ல அந்த வால் இருக்கு. இங்கிலீஷ்ல நான் அந்த வாலைக் கொண்டுபோய் எங்க ஒட்டுவேன்?

பிரீடா என் தோள்ல கை வச்சிருந்தா. அந்தக் கை அப்படியே நின்னுச்சு. மெதுவா, "டிட் ஷீ கோ ஓவர்?"னு கேட்டா. ஓவர்னா முடிஞ்சுதான்னு கேக்குறா போலன்னு நினைச்சேன். "யெஸ் யெஸ், ஆல் ஓவர்"னு சொன்னேன். "ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துட்டா"ன்னும் சொன்னேன். அவ கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் கலங்கிருச்சு. ரெண்டு பேரும் கோயில் வாசல்ல நின்னு அழுதோம்.

எதுக்கு அழுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரம் நாடே வேற ஒரு பேச்சுல இருந்துச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்கும். இவங்க அரசியல் சட்டத்துல ஒரு பிரிவு உண்டு, தாய் உசுரும் வயித்துல இருக்குற உசுரும் சமம்னு. அதனால இங்க யாரும் கரு கலைக்க முடியாது. வேணும்னா கப்பலோ விமானமோ ஏறி இங்கிலாந்துக்குத்தான் போகணும். அந்தப் பிரிவை எடுக்கலாமா வேண்டாமான்னு மே இருபத்தஞ்சாம் தேதி நாடு முழுக்க ஓட்டு. எடுக்கணும்னா யெஸ். வேண்டாம்னா நோ. விளக்குக் கம்பம் ஒண்ணு விடாம தட்டி கட்டிட்டாங்க. யெஸ்காரங்க தட்டில எழுத்துதான். நோக்காரங்க தட்டில பிள்ளை படம். வயித்துக்குள்ள சுருண்டு படுத்திருக்கிற பிள்ளை, இத்தனை வாரம்னு கீழ எழுதியிருக்கும். பெனிஷா வீட்டு வாசல் கம்பத்துல பதினாறு வாரம்.

அவ கடைக்குப் போற வழியை மாத்திட்டா. வாய்க்கால் ஓரமா சுத்திப் போவா. "எட்டி, நேர் வழி இருக்க சேத்துல ஏன் போற?"ன்னு ஒருநாள் ஏசினேன். பையை எடுத்துக்கிட்டு அந்தச் சேத்து வழியாவே போனா. அவ எப்பவும் அப்படித்தான், வாயைத் திறந்தா பாட்டு வரும், பேச்சு வராது.

நான் சட்டையில நோ பேட்ஜ் குத்தியிருந்தேன். பிரீடா குத்திவிட்டா. எனக்கு ஓட்டு இல்ல, இந்த நாட்டுக் குடியுரிமை இருந்தாத்தான் ஓட்டு. ஆனா வீடு வீடா நோட்டீஸ் குடுக்க ஓட்டு எதுக்கு? உண்மையைச் சொல்லுறேன் மக்ளே, ஏழு வருசத்துல அந்த ஊர்க்காரங்க வீட்டு வாசலுக்குள்ள நான் கால் வச்சது அந்த ஒரு மாசத்துலதான். அதுவரைக்கும் நான் "நர்சிங் ஹோம்ல வேலை செய்யுற இந்தியாக்காரி". பிரீடா பக்கத்துல நடக்க ஆரம்பிச்ச பொறவுதான் எல்லாருக்கும் என் பேரு டெல்பின்னு தெரிஞ்சுது.

பெனிஷா மூணு ஞாயிறு கழிச்சு கோயிலுக்கு வந்தா. பாட்டுக்குழுவுல அவ நிக்கிற இடத்துல வேற ஒரு பொண்ணு நின்னுச்சு. பரவால்ல, இத்தனை நாள் வரலைல்லா, மாத்தி விட்டிருப்பாங்கன்னு நான் சொன்னேன். சமாதானம் குடுக்கும்போது, அதான் பூசை நடுவுல ஒருத்தருக்கொருத்தர் கை குடுப்போமே, அப்ப பக்கத்து பெஞ்சுக்காரி என் கையைப் பிடிச்சுட்டு, பெனிஷா கையை விட்டுட்டு அதுக்கு அடுத்த ஆளுக்குக் குடுத்தா. அவ நீட்டின கையை என்ன பண்ணன்னு தெரியாம முடியை ஒதுக்கிக்கிட்டா. கவனிக்காமப் போயிருப்பாங்கன்னு நான் அதுக்கும் ஒரு சமாதானம் சொன்னேன்.

ஓட்டுக்கு ஒம்பது நாள் முந்தி கோயில் மண்டபத்துல கூட்டம். பிரீடா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "டெல்பின், உன் வீட்டுல நடந்ததைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுறியா? கட்டாயம் இல்ல. உன்னால முடிஞ்சா"ன்னா. எதுக்கு என்னைக் கேட்டா தெரியுமா? ஆறு வருசத்துக்கு முந்தி நம்ம நாட்டுப் பொண்ணு ஒண்ணு, கரு கலையுற நேரத்துல, கலைச்சு விடுங்கன்னு கேட்டும் சட்டம் விடாதுன்னு டாக்டர்மாரு செய்யாம, இங்க ஒரு ஆஸ்பத்திரில செத்துப்போச்சு. யெஸ்காரங்க ஊர் ஊரா அந்தப் பொண்ணு படத்தைத்தான் தூக்கிக்கிட்டு நடந்தாங்க. அப்ப நோ பக்கம் பேச ஒரு இந்தியாக்காரி கிடைச்சா விடுவாங்களா? எனக்கு அதெல்லாம் அப்பப் புரியல. என்னை மேடையில ஏத்துறாங்கன்னு மட்டும் புரிஞ்சுது. அரக்குப் பட்டு கட்டினேன். பெனிஷாவையும் கூட்டிட்டுப் போனேன், வீட்டுலயே அடைஞ்சு கிடக்காம வெளிக்காத்து படட்டும்னு. டீக் கோப்பை எடுத்துக் குடுக்க ஆள் வேணும்னாங்க, அவளைப் பின்னால நிறுத்தினேன்.

நான் பேசினது மூணு நிமிசம்கூட இருக்காது. "என் வீட்டிலும் நடந்தது. என் தம்பி மனைவிக்கு. நாலு மாசத்துல அபார்ஷன். அவ சாப்பிடல. தூங்கல. சுவரைப் பாத்து ஒருக்களிச்சு படுத்துக்கிட்டே இருக்கா. என் தம்பி குளியலறையில போய் தண்ணியைத் திறந்துவிட்டு அழுறான். இது எந்த வீட்டுலயும் நடக்கக் கூடாது." அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் உண்டா? நீ சொல்லு.

மண்டபமே எழும்பி நின்னுச்சு மக்ளே. நூத்தம்பது பேர் இருக்கும். என் வாழ்க்கையில எனக்காக ரெண்டு பேர் சேந்து எழும்பினதில்ல. பிரீடா என்னைக் கட்டிப் பிடிச்சா. அவ தோளுக்கு மேல நான் பின்பக்கம் பாத்தேன். பெனிஷா கோப்பைத் தட்டோட நின்னா. ஒருத்தரு ரெண்டு பேருன்னு எல்லா முகமும் அவ பக்கம் திரும்புது. ஒரு உயரமான ஆள் போய் அவ கையிலிருந்து தட்டை வாங்கிக்கிட்டாரு. மரியாதையாத்தான் வாங்கினாரு. ஆனா அவ முகத்தைப் பாக்கல.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில வச்சு சொன்னா. சத்தம் போடல. அவ சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருக்கலாம்.

"மைனி, இந்த ஊர்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அபார்ஷன்னா அபார்ஷன்தான். என்ன அர்த்தம்?"

"கலைஞ்சதுக்குச் சொல்ல மாட்டாங்க. கலைச்சதுக்குத்தான் சொல்லுவாங்க. நான் என் பிள்ளையைக் கலைச்சேன்னு நீங்க மைக்ல சொல்லிட்டு வந்திருக்கீங்க."

நான் நாற்காலியில உக்காந்துட்டேன். கோயில் வாசல்ல பிரீடா கேட்டதைச் சொன்னேன், கோ ஓவர்னு கேட்டாளேன்னு. அதுக்கும் அவதான் அர்த்தம் சொன்னா. கோ ஓவர்னா கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனாளான்னு கேக்குறது. நான் யெஸ் யெஸ்னு சொல்லியிருக்கேன், ரெண்டு நாள்ல வந்துட்டான்னும் சொல்லியிருக்கேன்.

"போய் மாத்திச் சொல்லிருங்க மைனி"ன்னா. "நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்லுறேன்னு நினைப்பாங்க. சொன்னது நீங்க. நீங்கதான் மாத்தணும்."

சஜின் கதவுல சாஞ்சு நின்னான். "அக்கா, நாளைக்கே சொல்லிரு"ன்னான். சரின்னேன். சொல்லணும்னுதான் நினைச்சேன். மாதா மேல சத்தியமா நினைச்சேன்.

மறுநாள் பத்து மணிக்கு முந்திரிக்கொத்து ஒரு டப்பாவுல போட்டுக்கிட்டு பிரீடா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மிஸ்கேரேஜ், மிஸ்கேரேஜுன்னு சொல்லிக்கிட்டே போனேன். அவ கதவைத் திறந்ததும், "உன்னைத்தான் நினைச்சேன், வா வா"ன்னு உள்ள இழுத்துட்டுப் போனா. மேசை நிறைய நோட்டீஸ். ராத்திரியே அச்சடிச்சிருக்காங்க. ஒண்ணு எடுத்து எங்கிட்ட நீட்டினா. நான் மண்டபத்துல பேசினது அதுல இருந்துச்சு. அழகா, எழுத்துப் பிழை இல்லாம. அடியில போட்டிருந்துச்சு, டெல்பின், நம்ம கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்னு.

மதர்னு போட்டிருந்துச்சு மக்ளே. எனக்கு.

பிள்ளை உண்டா இல்லையான்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. அவளா நினைச்சுக்கிட்டா. நான் அதை ரெண்டு தடவை வாசிச்சேன். பிரீடா டீ போட்டா. எப்படி மடிக்கணும்னு காட்டித் தந்தா, மூணா மடிக்கணும். பகல் ஒரு மணி வரைக்கும் உக்காந்து மடிச்சேன். முந்திரிக்கொத்து அவளுக்கு ரொம்பப் பிடிச்சுது.

வீட்டுக்கு வந்ததும் பெனிஷா வாசல்ல நின்னா. "சொன்னீங்களா?" "ஆள் நிறைய இருந்தாங்க, நாளைக்குச் சொல்லுறேன்." மறுநாளும் கேட்டா. அதுக்கு மறுநாளும் கேட்டா. "எட்டி, ஒரு வாரம் பொறு, ஓட்டு முடியட்டும். இப்பப் போய் மாத்திச் சொன்னா அவங்க நோட்டீஸ் எல்லாம் பொய்யாயிரும்ல? பிரீடா எவ்வளவு பாடுபடுறா"ன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அதுக்குப் பொறவு கேக்கல. கேக்காம இருந்தது அவ தப்பு இல்லையா? இன்னும் ஒரு தடவை கேட்டிருந்தா நான் போயிருப்பேன்.

என்ன மக்ளே, ஜன்னல் பக்கம் திரும்பிட்ட. தண்ணி வேணுமா? எங்கிட்ட இருக்கு.

சனிக்கிழமை எண்ணினாங்க. நூத்துக்கு அறுபத்தாறு பேரு யெஸ். டிவில பாத்தேன், டப்ளின்ல பொம்பளைப் பிள்ளைக ஒருத்தியை ஒருத்தி தூக்கிச் சுத்துறாங்க, சிரிக்கிறாங்க, சிலது தரையில உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதுக. பிரீடாவுக்கு போன் பண்ணினேன், எடுக்கல. சாயங்காலம் போனப்ப அவ கம்பத்துத் தட்டியை அவளே கழட்டிக்கிட்டு இருந்தா, ஏணியில நின்னு, எழுபது வயசுல. "என் மகள்களே யெஸ் போட்டிருக்காங்க டெல்பின். மூணு பேரும்"னா. நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் பெனிஷாகூட கடைக்குப் போனேன். பாலும் ரொட்டியும் வாங்க. கல்லாவுல கீரான்னு ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும், சட்டையில யெஸ் பேட்ஜ். எங்களைக் கண்டதும் அது கல்லாவை விட்டு வெளிய வந்துச்சு. என்னை ஒதுக்கிட்டு நேரா பெனிஷாவைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. "இனிமே யாரும் தனியா அப்படிக் கப்பல் ஏற வேண்டாம். ஓட்டுப் போடும்போது உன்னையும் நினைச்சுக்கிட்டேன்"னு சொல்லி அழுதுச்சு. நல்ல பிள்ளைதான். ஊர்ப் பேச்சு அங்கேயும் போயிருக்கு, என்ன செய்ய. வரிசையில நின்ன ரெண்டு பொம்பளைங்க கை தட்டினாங்க. ஒரு கிழவனாரு ரொட்டியை அப்படியே வச்சுட்டு வெளிய போயிட்டாரு.

பெனிஷா தேங்க்யூன்னா. வேற என்ன சொல்லுவா? பாலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா.

வெளிய வந்து மதில்ல சாஞ்சுக்கிட்டா. "ஒருத்தி என்னைக் கண்டா முகத்தைத் திருப்புறா. ஒருத்தி கட்டிப் பிடிக்குறா. ரெண்டு பேரும் வேற யாரையோ பாக்குறாங்க மைனி"ன்னா. பொறவு, "என் பிள்ளையை யாரும் பாக்கல"ன்னா.

"மழை வரும் போல இருக்கு, நட"ன்னேன் நான். மழை வந்துச்சு.

அதோட கோயிலுக்கு வாறதை விட்டுட்டா. சஜினும் ஞாயித்துக்கிழமை டூட்டி கேட்டு வாங்கிக்குவான். நான் மட்டும் போவேன். கொஞ்சம் திமிருதான்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ஒருத்தர் மேல கோவம்னா கடவுள்கிட்ட என்ன கோவம்? எனக்கு ரெண்டு போச்சு, நான் ஒரு ஞாயிறு பூசை விட்டிருப்பனா?

நவம்பர் வந்துச்சு. நம்ம ஊர்ல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்துவோம்ல, இங்க வேற மாதிரி. கோயில் வாசல்ல தாள் வச்சிருப்பாங்க. அந்த வருசம் நம்ம வீட்டுல யாரு செத்தாங்களோ அவங்க பேரை எழுதிப் பெட்டியில போடணும். ஒரு ஞாயிறு பூசையில ஒவ்வொரு பேரா வாசிப்பாங்க. பேருக்கு ஒரு மெழுகுவத்தி. வாசிக்கிறது பிரீடா.

அதுக்கு ரெண்டு நாள் முந்தி பிரீடா எங்க சமையல்கட்டுக் கதவுல வந்து நின்னா. கையில மடிச்ச தாள். பிரிச்சுக் காட்டினா. பெனிஷா கையெழுத்து. அமலி சஜின்னு எழுதியிருந்துச்சு. வயசு எழுதுற இடத்துல ஒண்ணும் எழுதல.

பேரு வச்சிருக்கான்னே எனக்கு அப்பத்தான் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. அமலி. நான் ரெண்டுக்கும் பேரு வைக்கல. அந்தக் காலத்துல யாரு வச்சா?

"இது அந்தக் குழந்தையா?"ன்னு பிரீடா கேட்டா.

"ஆமா."

"வாசிக்கலாமா டெல்பின்? எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அவளே போய்... அப்புறம் அவளே பேரும் எழுதித் தாறா. எனக்கு விளங்கல. மத்தவங்க என்ன சொல்லுவாங்க? வாசிக்காட்டி அந்தக் குழந்தை என்ன பாவம் செஞ்சுது? நீ சொல்லு. நீ அவ வீட்டு ஆளு."

அடுப்புல சூப்பு இருந்துச்சு மக்ளே. நாப்பது பேருக்கு. விட்டா அடிப்பிடிச்சுரும். "உன் இஷ்டம் பிரீடா"ன்னுட்டு அடுப்புக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா அவ இல்ல.

என்ன அப்படிப் பாக்குற? ஆறு மாசம் கழிச்சு இப்பப் போய் சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலன்னு கேப்பால்லா? அதுக்கு என்ன பதில் சொல்ல? நோட்டீஸ்ல மதர்னு போட்டிருந்துச்சு அதான்னு சொல்லவா?

அந்த ஞாயிறு பெனிஷா வந்தா. அஞ்சு மாசத்துக்குப் பொறவு. சஜினும் வந்தான். எனக்கு மூணு பெஞ்சு முன்னால உக்காந்தாங்க. பீடத்துக்கு முன்னால மேசையில மெழுகுவத்தி வரிசையா இருந்துச்சு. சஜின் விரலை நீட்டி எண்ணுறது எனக்குப் பின்னாலருந்து தெரிஞ்சுது. பிரீடா போய் நின்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சா. ஒரு பேரு சொல்லுவா, அந்த வீட்டு ஆள் ஒருத்தரு எழும்பிப் போய் மெழுகுவத்தி கொளுத்திட்டு வருவாரு. ஒவ்வொரு பேருக்கும் பெனிஷாவோட முதுகு கொஞ்சம் நிமிரும். பொறவு தாழும். பதினெட்டுப் பேரு. எங்க முதியோர் இல்லத்துல செத்தவங்களே ஏழு பேரு.

கடைசிப் பேரு முடிஞ்சுது. பிரீடா கண்ணாடியைக் கழட்டினா. மெழுகுவத்தி எல்லாம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணும் மிச்சம் இல்ல. சாமியார் எழும்பினாரு.

அப்ப பெனிஷா எழும்பி நின்னா.

அவ முன்னால போகல. பெஞ்சுல நின்ன இடத்துலயே, முன் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. சாமியார் அவளைப் பாத்தாரு, பொறவு பிரீடாவைப் பாத்தாரு, திரும்ப உக்காந்துட்டாரு. ஒருத்தரு ரெண்டு பேருன்னு எல்லாரும் திரும்புறாங்க. யாரோ இருமினாங்க. சஜின் அவ கோட்டைப் பிடிச்சு இழுக்கல, அவனும் எழும்பி நின்னுட்டான்.

பிரீடா அவங்க ரெண்டு பேரையும் பாத்தா. அதுக்குப் பொறவு மூணு பெஞ்சு தாண்டி என்னைப் பாத்தா. நேரா என்னை.

நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டு எத்தனாம் பக்கம்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

பிரீடா கோட்டுப் பையில கைவிட்டு மடிச்ச தாளை எடுத்தா. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரலை வச்சு, எழுத்துக்கூட்டி வாசிச்சா. "அமலி சஜின்"னு.